சோம்பேறிப் பூவின் பிறந்த இடம்

எங்கள் தோட்டத்தின் கதையை நான் சொல்லாத ஆள் சந்தையில் கிடையாது. வாங்க வந்தவன், வேடிக்கை பார்க்க வந்தவன், மழைக்கு ஒதுங்கினவன், எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் எனக்கு நடந்தது என்னவென்று விளங்கும்.

அப்பா யாரோ ஒருவரின் ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குச் செடி வெட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணம் ஆனதும் அந்த வேலையை விட்டுவிட்டு, செங்கல் சூளைக்காரன் மண் எடுத்துவிட்டுப் போட்ட பள்ளத்தை வாங்கினார். நாய்கூடப் படுக்காத நிலம். அவரும் அம்மாவும் எரு சுமந்து கொட்டி அதை மேடாக்கினார்கள். சிவப்பு ரோஜா வைத்தார்கள். ஊரெல்லாம் வைக்கிற அதே சிவப்பு. ஒரு நாள் காலையில் அப்பா போய்ப் பார்க்கிறார். விளிம்பு உடைந்த தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்ற செடியில், சுவர்ப் பக்கம் நீண்டிருந்த ஒரே ஒரு கிளையில் மட்டும் வேறு நிறத்தில் பூ. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. கைக்குழந்தையின் உள்ளங்கையை விரித்தால் ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறம். மற்ற பூக்கள் விரிந்து, உதிர்ந்து, காய்ந்த பிறகும் அது பாதி விரிந்தபடி அப்படியே நின்றதாம். "சரியான சோம்பேறிப் பூ" என்று அம்மா சொன்னாளாம். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. சந்தையில் இன்றைக்கும் "சோம்பேறி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் ஜாடியில் வைத்தால் மற்ற ரோஜாவெல்லாம் குப்பைக்குப் போன பிறகும் இது நிற்கும். அதனால் அதற்குக் கிராக்கி.

ரோஜாத் தண்டில் இலை சேரும் இடத்தில் சின்னதாக ஒரு முளை இருக்கும். அதைக் கண் என்போம். அந்தக் கண்ணைச் சீவி எடுத்து ஒரு காட்டு ரோஜாவின் தண்டில் ஒட்டுப் போட்டால், அதே பூவைப் பூக்கும் புதுச் செடி வரும். அப்பா அப்படித்தான் அந்த ஒற்றைக் கிளையிலிருந்து தோட்டம் முழுக்கப் பரப்பினார். தாய்ச்செடியையும் தொட்டியையும் சுவரையும் நான் பிறப்பதற்கு முன்னால் வந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

கதை இவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்தத் தோட்டத்திலும் நான் பார்த்ததில்லை. வெட்டின பூ வெளியே போவதற்கு முன்னால் ஒவ்வொரு தண்டிலும் உள்ள கண்களைக் கத்தியால் நோண்டி எடுத்துவிடுவோம். ஒரு கண் தப்பிப் போனாலும், வாங்கினவன் அதை ஒட்டுப் போட்டுத் தனக்கென்று ஒரு தோட்டம் போட்டுக்கொள்வான். இந்த வேலையைக் கூலியாட்கள் தொடக்கூடாது. வீட்டு ஆட்கள் மட்டும்தான். கொட்டகையில் கல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வெட்டினதை எல்லாம் சீவுவோம். ஒரு தண்டைக் கையில் கொடுத்தால், சீவின கை யாருடையது என்று சொல்லிவிடுவேன். தம்பி ஆழமாகத் தோண்டுவான், பல்லைப் பிடுங்குகிற மாதிரி. என் மனைவி பட்டையோடு வழித்துவிடுவாள். கட்டி முடித்த கட்டுகளை நான் பிரித்து மறுபடி பார்ப்பேன். "போலீஸ்காரன் வந்துட்டான்" என்று தம்பி முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும். ஒரு கட்டுப் பூவிலிருந்து ஒரு தோட்டத்தையே எடுத்துவிடலாம் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை நான். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. வாய் நீளம், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவேன். அதனால் அப்பா சின்ன வயதிலேயே என்னைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். இது நேற்றைய பூ என்றால் நேற்றைய பூ என்றே சொல்வேன், எங்கள் பூவாக இருந்தாலும். அதனால் சந்தையில் எனக்கு 'சாட்சி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வியாபாரிகளுக்குள் தகராறு வந்தால், "சாட்சியைக் கூப்பிடு" என்பார்கள். நான் பார்த்துச் சொன்னால் சண்டை முடிந்தது.

இந்த வருஷம் மழை விட்ட பிறகு ஒரு நாள். எங்கள் வண்டியிலிருந்து நாங்கள் இன்னும் ஒரு கட்டுகூட இறக்கவில்லை. அதற்குள் சந்தைக் கோடியில் ஒரு பச்சை வாளி நிறையச் சோம்பேறி நிற்கிறது.

கிட்டே போய் ஒரு தண்டை எடுத்துப் பார்த்தேன். கண்கள் அப்படியே இருந்தன, ஒன்றுகூடத் தொடப்படாமல். வாளிக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். வயது முப்பது இருக்கலாம். சந்தைக்குப் புதுசு.

"ஏம்மா, இந்தப் பூ எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்க தோட்டத்துப் பூ, ஐயா."

"உங்க தோட்டத்துக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அங்கேயேதான் இருந்துச்சு."

"ஆமா, ஆகாசத்துலேர்ந்து குதிச்சிருக்கும். இது எங்க அப்பா கண்டுபிடிச்ச பூ. இந்தச் சந்தைக்கே தெரியும். யாரு உனக்குக் கண் குடுத்தது? எங்க வீட்டு ஆளா, வண்டிக்காரனா? சொல்லு."

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஐயா, ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. அப்புறம் பேசலாம்" என்றாள்.

"திருடி வீட்டுல வந்து என்னத்தப் பாக்க? இன்னும் நீ என்னென்ன எடுத்து வச்சிருக்கேன்னா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏலக்காரர் வந்தார். அவரைத் தொண்டை என்று கூப்பிடுவோம். ஒலிபெருக்கி கெட்டுப்போன நாளில்கூடச் சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும் குரல். அவர் ஒரு தண்டை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாட்சியே சொல்லிட்டாரு. இந்த வாளியை நான் ஏலத்துல எடுக்க முடியாதும்மா" என்றார். எல்லோருக்கும் கேட்டது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். தண்ணீர் அவள் செருப்பில் தளும்பிக்கொண்டே போயிற்று. அடுத்த சந்தைக்கும் வந்தாள். சாதாரணச் சிவப்பு ரோஜாதான் கொண்டுவந்திருந்தாள். அதையும் யாரும் தொடவில்லை.

எனக்கு அவள் பெரிதில்லை. எங்கள் மேசையிலிருந்து கண்ணை வெளியே விட்டது யார் என்பதுதான் என்னைத் தின்றது. கொட்டகையில் வைத்துத் தம்பியைக் கேட்டேன்.

"யாருடா விட்டது?"

"எனக்கென்ன தெரியும்?"

"வாளி நெறைய வச்சிருக்கா. ஒரு நாள்ல வந்ததில்ல. ஒட்டுப் போட்டு, வளத்து, பூக்க வச்சு, சாவகாசமாக் கொண்டாந்திருக்கா."

"விட்டுடுண்ணே. ஒரு வாளிப் பூ. அதுல நமக்கு என்ன கொறைஞ்சுடப் போகுது?"

இவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஆடு வேலிக்குள் மூக்கை நீட்டினால் பஞ்சாயத்து வைக்கிறவன். 'விட்டுடு' என்று அவன் வாயிலிருந்து வந்ததும் எனக்குத் தீர்மானமாகிவிட்டது. இவன்தான் விற்றிருக்கிறான். என் மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு பாவம், போனாப் போகுது" என்றாள். ஆக, இவளும் கூட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒட்டுப் போட்ட செடியில் ஒட்டின இடத்தைப் பார்த்தாலே, ஒட்டி எவ்வளவு காலமாயிற்று என்று தெரிந்துவிடும். அவள் தோட்டத்துக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, தம்பியைச் சந்தை நடுவில் வைத்துக் கேட்பது என்று கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சந்தைப் பதிவேட்டில் அவள் ஊரைப் பார்த்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன்.

தோட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் ஓட்டு வீடு, பின்னால் காய்கறிப் பாத்திகள், அதற்கு அப்பால் ஒரு துண்டு நிலத்தில் ரோஜா. அவள் வெளியே வந்தாள். வராண்டாவில் ஒரு கூடையில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம். செடியைக் காட்டு."

சொம்பில் கொண்டுவந்த தண்ணீரைத் திண்டில் வைத்துவிட்டு நடந்தாள். நான் தொடவில்லை. பாத்தியில் இருந்த செடிகள் இளசு. ஒட்டின இடத்தில் கட்டின நார்கூடச் சிலதில் இன்னும் இருந்தது. "போன வருஷம் ஒட்டுனது. பாத்தாலே தெரியுது" என்றேன்.

"ஆமா. நான்தான் ஒட்டுனேன்."

"கண் எங்கேர்ந்து எடுத்தே?"

"வாங்க."

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப் போனாள்.

அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி. ஒரு பக்க விளிம்பு உடைந்து, உடைந்த இடமெல்லாம் பாசி. தொட்டி ஓரமாக ஒரு ரோஜா. செடி என்று சொல்லக்கூடாது, மரம். அடித்தண்டு என் தொடை கனம். பட்டை உரிந்து, முடிச்சு முடிச்சாக, என்னைவிட வயசான உருப்படி. தலையெல்லாம் சிவப்புப் பூ. ஒரே ஒரு கிளை மட்டும் சுவர்ப் பக்கமாக நீண்டு, ஒரு கவட்டைக் கொம்பு முட்டுக் கொடுத்து நின்றது. அந்தக் கிளையில் பாதி விரிந்த சோம்பேறிகள்.

நான் ஊரெல்லாம் சொன்ன கதையில் அப்பா ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. தொட்டி, உடைந்த விளிம்பு, சுவர், கிளை, எல்லாம் அப்படியே இருந்தது. என் கண்ணால் பார்க்கிறேன். அது எங்கள் நிலத்தில் இல்லை, அவ்வளவுதான். வெள்ளம் எதையும் கொண்டுபோகவில்லை.

"உங்க அப்பா எங்க தாத்தாகிட்ட வேலை பாத்தவர்" என்றாள் அவள். "கல்யாணத்துக்குன்னு இந்தக் கிளையிலேர்ந்து ஒரு கட்டுப் பூ கேட்டாராம். தாத்தா அவரே வெட்டிக் குடுத்திருக்காரு. கல்யாணம் முடிஞ்சு உங்க அப்பா வேலைக்குத் திரும்பி வரல. பல வருஷம் கழிச்சுச் சந்தையில பூ வருது. தாத்தா உங்க தோட்டத்துக்கே போயிருக்காரு. 'பூவை நீயே வச்சுக்கோ, எங்கேர்ந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடு'ன்னு கேட்டாராம். உங்க அப்பா நாயை அவுத்து விட்டுட்டாராம்."

"பொய்" என்றேன்.

"இருக்கலாம். நான் அப்ப பொறக்கல."

"உங்க தாத்தா ஏன் விக்கல?"

"அசிங்கப்பட்டுட்டாரு. அன்னைக்கு விட்ட பூ வியாபாரம், அதுக்கப்புறம் கத்தரிக்காதான். எங்கப்பாவும் கத்தரிக்கா. எனக்குக் கத்தரிக்கா பிடிக்காது" என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு உங்க தோட்டம் வேண்டாம், ஐயா. சந்தையில திருடின்னு சொன்னீங்க. அதே எடத்துல இல்லைன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்க சொன்னதாலதான் என் பூ வாளியோட அழுகுது" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன்.

கொட்டகையில் தம்பியும் என் மனைவியும் மேசையில் இருந்தார்கள். சாயங்கால வெட்டு. நான் நின்றபடியே சொன்னேன்: "தொட்டியைப் பாத்துட்டு வந்தேன்."

எந்தத் தொட்டி என்று இருவரும் கேட்கவில்லை. அங்கேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. தம்பி கத்தியைக் கீழே வைத்தான். அவள் வைக்கவில்லை. அந்தத் தண்டைச் சீவி முடித்துவிட்டுத்தான் வைத்தாள்.

"எப்பத்திலேர்ந்துடா தெரியும் உனக்கு?"

"அந்த ஆள் வந்தப்ப நான் வாசல்ல விளையாடிட்டிருந்தேன். நாயை அவுத்தது யாருன்னு நெனைக்கிறே? அப்பா அவுக்கச் சொன்னாரு, நான் அவுத்தேன். நீ சந்தையில இருந்தே."

"அன்னைக்கு ராத்திரியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. அம்மாகிட்டயும்தான். 'பெரியவன்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. அவனுக்குப் பொய் சொல்ல வராது. அவன் நம்பணும். அவன் நம்பினாத்தான் சந்தை நம்பும்'னாரு."

நான் வாய் நீளம் என்பதால்தான் சந்தைக்கு அனுப்பினார் என்று இத்தனை நாள் நினைத்தேன். அப்பாவுக்கு என்மேல் ஒரு நம்பிக்கை என்று மற்றவர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் வாளி, கட்டுநார் மாதிரி நானும் ஒரு சாமான். பூவோடு சேர்த்து என் யோக்கியத்தையும் விற்றிருக்கிறார்கள். கல்லாப் பெட்டிக்கு மட்டும் அது தெரியும், எனக்குத் தெரியாது.

மனைவி பக்கம் திரும்பினேன். "உனக்கு?"

"நான் வந்த வருஷமே அத்தை சொல்லிட்டாங்க."

"நம்ம கல்யாணம் ஆன வருஷம்?"

"ஆமா."

"இத்தனை வருஷம் என் பக்கத்துல படுத்துட்டு..."

"படுத்துட்டு என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "சொன்னா மறுநாள் காலையில சந்தையில போய்க் கத்துவீங்க. அதோட இந்த மேசை, வீடு, பசங்க படிப்பு எல்லாம் போயிருக்கும். உங்களுக்கு வாய் பெரிசு. எனக்கு அடுப்பு எரியணும்."

"என்னை முட்டாளாக்கிட்டு அடுப்பு எரிஞ்சதாக்கும்."

"நல்லாத்தான் எரிஞ்சுது. நீங்களும் உக்காந்து சாப்பிட்டீங்க."

வீட்டில் நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. அவள் எண்ணெய்க் கேனைக்கூட மூடியைத் திறந்து பார்ப்பேன். தம்பி கட்டின கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். அப்பா ஒருத்தரை மட்டும்தான் பிரித்துப் பார்க்கவில்லை.

நாளைக்குச் சந்தையில் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்றேன். தம்பி முதலில் கெஞ்சினான். அப்புறம் கத்தினான். "செத்துப்போன அப்பனை நடுச்சந்தையில நிறுத்திச் செருப்பால அடிக்கப் போறியா? யாருக்காக? எவளோ ஒருத்திக்காகவா?"

"அவளுக்காக இல்லைடா. திருடின்னு சொன்னது என் வாய்."

"பேசாம இருந்தாப் போதும்ண்ணே. பொய் சொல்லக்கூட வேண்டாம். சும்மா இரு."

"அது உங்களுக்கு வரும். எனக்கு யாரும் கத்துக் குடுக்கல."

மறுநாள் காலை. வண்டியில் தம்பி என்னோடு பேசவில்லை. சந்தையில் கூட்டம் சேர்ந்து, தொண்டை மேடையில் ஏறினதும், நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் கோடியில் பச்சை வாளியோடு நின்றிருந்தாள். இன்றைக்குச் சோம்பேறி கொண்டுவந்திருந்தாள்.

"எல்லாரும் கேளுங்க" என்றேன். "அந்தப் பொண்ணு திருடின்னு சொன்னேன். தப்பு. பூ அவங்களோடது. தாய்ச்செடி அவங்க வீட்டுல இன்னும் இருக்கு. நானே போய்ப் பாத்தேன். எங்கப்பாதான் அங்கேர்ந்து எடுத்துட்டு வந்தாரு. சொல்லாம எடுத்தாரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு நேத்துத்தான் தெரியும்."

தொண்டையே வாயைத் திறந்தபடி நின்றார். பின்னாலிருந்து யாரோ, "சாட்சிக்கு என்ன ஆச்சு?" என்றான்.

அப்போது தம்பி வந்தான். கோபமாக வரவில்லை. மெதுவாக, முகமெல்லாம் கவலையாக வந்து என் முழங்கையைப் பிடித்தான். பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிடுகிறவன், "வாங்கண்ணே, கீழ எறங்குங்க" என்றான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "மன்னிச்சுக்கங்க. அண்ணனுக்குக் கொஞ்ச நாளா நெனைவு சரியில்ல. நேத்துக்கூட எங்கேயோ பஸ் ஏறிப் போயிட்டாரு, வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. டாக்டர்கிட்டக் காட்டணும்னு இருக்கோம்."

"அடப் பாவமே" என்றாள் ஒரு வியாபாரி. தொண்டை என் தோளைத் தட்டினார். "போய் நெழல்ல உக்காருங்க, பெரியவரே." சாட்சி என்று கூப்பிடவில்லை. பெரியவரே என்றார்.

நான் சொன்ன கதையை ஆயுசு முழுக்க நம்பின சந்தை, நான் கண்ணால் பார்த்ததைச் சொன்ன அன்றைக்கு நம்பவில்லை. தம்பி அதற்குச் செலவழித்தது ஒரே ஒரு 'வாங்கண்ணே'. அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. அது நிஜமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்பா அவனையல்லவா சந்தைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

கையை உதறிக்கொண்டு நடந்தேன். நேராகப் போய் அந்தப் பச்சை வாளிக்குப் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தேன்.

"உங்களை யாரு இவ்வளவு சொல்லச் சொன்னது?" என்றாள் அவள். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னுதானே கேட்டேன்."

"எனக்கு அரைகுறையாச் சொல்ல வராது."

ஏலம் முடிந்தது. எங்கள் கட்டுகள் எல்லாம் போய்விட்டன. தம்பி வண்டியைக் கிளப்பி எங்களுக்கு எதிரில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, செவிடனிடம் பேசுகிற மாதிரி, "மெதுவா ஏறுங்கண்ணே, வீட்டுக்குப் போகலாம்" என்றான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். வண்டி வாசல் நெரிசலில் மாட்டி அங்கேயே நின்றது.

பூங்கொத்துக் கடைக்காரர் ஒருவர் வந்தார். கஞ்சப் பிசினாறி, எல்லாம் முடிந்த பிறகு மிச்சத்தைப் பொறுக்க வருகிறவர். வாளியிலிருந்து ஒரு தண்டை உருவிப் பார்த்துவிட்டு, முதலில் என் உடம்பை விசாரித்தார். அப்புறம் அவளிடம், "திருட்டுப் பூன்னு பேசிக்கிறாங்க. இவரு என்னமோ சொல்றாரு, அவரு தம்பி என்னமோ சொல்றாரு. நமக்கெதுக்கு வம்பு? வெலையைக் கொறைச்சுக் குடு, எடுத்துக்கறேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாசலில் நின்ற எங்கள் வண்டியைக் கையால் காட்டினேன்.

"திருட்டுப் பூ அதுல வந்தது. போய் அங்க கொறைச்சுக் கேளு. இங்க முழு வெலை."